இரண்டாம் முறை செத்தவர்

முள்ளக்காடு தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மாதா திருவிழா முடிந்து ஊர் திரும்பும் வண்டிகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வண்டியிலிருந்து வயதான பெண் ஒருத்தி, "ஏலே, நடந்தா போற? பின்னால ஏறிக்கோ, எடமிருக்கு" என்றாள். வேண்டாம் என்றேன். ஏறினால் எந்த ஊர், யார் வீடு, என்ன விஷயம் என்று கேட்பார்கள்.

நான் புன்னைக்காயலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் தங்கச்சியை அவள் புருஷன் வீட்டில் திரும்ப உள்ளே விட்டார்களா என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் அவள் கைக்குழந்தையோடு தூத்துக்குடிக்கு வந்து, எங்கள் வீட்டு வாசற்படியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. வீட்டுக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். சாவி என் மடியில் இருந்தது.

இதைச் சொல்ல வேண்டுமானால் சோற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தங்கச்சி கல்யாணத்துக்காக அண்ணன் வீட்டுப் பத்திரத்தைக் கடைத்தெரு அண்ணாச்சி ஒருவரிடம் வைத்துக் கடன் வாங்கினான். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வாங்கிய பணம் சீதனத்துக்குப் போதவில்லை. மாப்பிள்ளைக்கு நூறு ரூபாய் பாக்கி வைத்து, பிறகு தருகிறோம் என்று சொல்லித்தான் தாலி கட்ட வைத்தோம். ஆக எங்களுக்கு இரண்டு கடன். எதை முதலில் அடைப்பது என்பதில் மதினிக்குச் சந்தேகமே இல்லை. "வட்டி கேக்குறவருக்கு மொதல்ல. வட்டி கேக்காதவுக காத்திருக்கட்டும்" என்றாள். நூறு ரூபாய்க்கு வட்டியைத் தங்கச்சி புன்னைக்காயலில் உடம்பால் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. வருகிறவர்கள் போகிறவர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்தார்கள்.

மூன்று வருடம் அந்த வீட்டில் எப்படிப் பிழைத்தோம் என்பதை இன்று சொன்னால் கதை என்பார்கள். அப்போது கப்பல்கள் கரைக்கு வராது. கடலுக்குள் மைல் கணக்கில் தள்ளி நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அண்ணன் தோணியில் வேலை பார்த்தான். அரிசி மூட்டை ஏற்றும் நாளில் தோணி அடியில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வருவான். அதே தோணியில்தான் நிலக்கரியும் வரும். அம்மா அந்த அரிசியை ஏழு தண்ணீரில் கழுவுவாள். எட்டாவது தண்ணீரும் கறுப்பாகத்தான் இருக்கும். மீன் வாங்கியதில்லை. வலை உதறும் இடத்தில் மணலில் விழும் பொடிமீனை அம்மா பொறுக்கி வருவாள். உப்பு வண்டி போகும் பாதையில் சிந்திக் கிடக்கும் உப்பு. கடல் ஒதுக்கிய பலகைத் துண்டுதான் விறகு. தீக்குச்சியை மதினி பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளப்பாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டால் விளக்கு வேண்டாம். அம்மாவின் மூக்குப்பொடி முதல் மாதமே நின்றது. ஒரு வாரம் அம்மா தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஐந்து வயது. நெஞ்சில் எப்போதும் இருமல். ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், கடையில் வாங்கச் சொன்னார்கள். மதினி அந்தச் சீட்டை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். கடன் முடிந்ததும் வாங்கலாம் என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. கொல்லம், மதுரை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அந்த மூன்று வருடம் மட்டும் வீட்டில் இருந்தேன். சொன்னால் வெட்கம், எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. இன்றைக்கு எதை நிறுத்தலாம் என்று காலையில் எழுந்ததும் யோசிப்பேன். மதினிக்கு அடுத்தபடி அந்த வீட்டில் கஞ்சன் நான்தான்.

எங்கள் பட்டினத்தில் திருவிழாக் கடைசி நாள் என்றால் கடற்கரை ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். வந்தவர்களுக்குக் கறியும் சோறும் போடாத வீடு வீடே அல்ல. போன திருவிழாவுக்குப் பதினேழு பேர் சாப்பிட்டார்கள். அந்த ஒரு நாளில் நாலு மாதம் மிச்சம் பிடித்தது போயிற்று. இந்த வருடம் திருவிழா முடிந்து வரும் திங்கட்கிழமை அண்ணாச்சிக்குக் கடைசிப் பணம் கட்ட வேண்டும். தவறினால் பத்திரம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

வெளியே பூட்டிவிட்டு உள்ளே இருந்துகொள்வது என்ற யோசனை என்னுடையது.

"எல்லாரும் எங்க போயிட்டோம்னு சொல்லுவ?" என்று அண்ணன் கேட்டான்.

"சாவு வீட்டுக்குன்னு சொல்லுதேன்."

"யாரு சாவு?"

நான் ஒரு பெரியப்பா பேரைச் சொன்னேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "சேசுவே! உசுரோட இருக்க மனுசனச் சொல்லாதல. நாக்கு அழுகிப்போவும்."

மதினி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வேம்பார் மாமாவச் சொல்லுங்க கொழுந்தனாரே. அவரு செத்து மூணு வருசமாச்சு. இன்னொரு தடவ சாவட்டும். அவருக்கென்ன செலவு?"

அண்ணன் சிரித்துவிட்டான். "பொய் சொன்னா பாவசங்கீர்த்தனம் பண்ணணுமே."

"பண்ணுங்க. அதுக்குச் சாமியார் துட்டு கேக்க மாட்டாரு."

அந்த மாமா தங்கச்சி கல்யாணம் முடிந்த மறு மாதம் செத்தவர். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையுமாக அந்தச் சாவுக்கு வந்து, அவள் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். அது எங்கள் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. வெளியூர்ச் சொந்தங்களில் வேம்பார் பக்கம் போகிறவர்கள் யாரும் இல்லை என்பதை மட்டும் சரிபார்த்துக்கொண்டோம்.

உள்ளே ஒரு பானைத் தண்ணீர், பழைய சோறு, மூலையில் ஒரு வாளி. புகை தெரியும் என்பதால் அடுப்பு இல்லை. விடியும் முன் பூட்டினேன். பக்கத்து வீட்டு அக்காளிடம், எல்லோரும் நேற்றே வேம்பாருக்குப் போய்விட்டார்கள், நான் வேலைக்காக நின்றுவிட்டேன் என்றேன். பிறகு கோயில் பக்கம் சுற்றினேன். சொந்தக்காரர்களைப் பார்க்கும் இடத்திலெல்லாம் மாமா செத்ததைச் சொன்னேன். ஒருவர் கண் கலங்கி, மாமா பேருக்கு ஒரு பூசை வைக்கச் சொல்லி ஒரு ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வெயில் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தெரு முக்குக்கு வந்தபோது தங்கச்சி வாசற்படியில் இருந்தாள். பக்கத்து வீட்டு அக்காள் இடுப்பில் கை வைத்துச் சாவுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் எங்கேயோ நிற்கிறான், இரண்டு பேரும் சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் ஐந்து பேர் உள்ளே இருந்தது தெருவுக்குத் தெரிந்துவிடும். அரை மணியில் பட்டினம் முழுக்கத் தெரியும். திரும்பிப் போனேன். மூன்று மணி வாக்கில் மறுபடி வந்து பார்த்தேன். அதே படி. குழந்தை மடியில் தூங்கியது. இந்தத் தடவை அவள் முகம் தெரிந்தது. ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பல்வலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி போனேன்.

மாலையில் ஊரே மாதா வீதி வரும் சுற்றுப்பிரகாரம் பார்க்கப் போன நேரத்தில் வந்து பூட்டைத் திறந்தேன். படியில் யாரும் இல்லை. உள்ளே மூத்திர நாற்றம். பெரிய பிள்ளையின் வாயோரம் சிவந்து கன்றியிருந்தது. இருமல் வெளியே கேட்காமலிருக்க மதினி பகல் முழுவதும் துணியை வைத்து அமுக்கியிருக்கிறாள். அம்மா கதவுக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாதான் சொன்னாள். தங்கச்சி வந்ததும் இரண்டு தடவை கதவைத் தட்டினாளாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து மாமா செத்த செய்தியைச் சொல்லிப் போன பிறகு தட்டவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாகக் கேட்டாளாம்: "ஏம்மா, வேம்பார் மாமா எத்தன தடவதான் சாவாரு?"

பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னாளாம்:

"நூறு ரூவா வாங்காம வரக்கூடாதுன்னு அடிச்சு அனுப்பிட்டாரும்மா. எனக்கு ரூவா வேண்டாம். நாலு நாளைக்கி இங்கன ஒரு மூலையில கெடந்துக்கிடுதேன். கஞ்சித்தண்ணி போதும்."

அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்திருந்தானாம். "அவன் புடிக்காட்டியும் நான் பேசியிருக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

நான் அண்ணனிடம் நூறு ரூபாய் கேட்டேன். திங்கட்கிழமை பத்திரம் கைக்கு வரட்டும், பிறகு பார்ப்போம் என்றான். மதினி எழுந்து போய்ப் பணம் வைத்திருந்த பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க கொழுந்தனாரே. இந்தப் பிள்ளைக்கி மருந்து வாங்காத துட்டு இது. உங்க அம்மைக்கிப் பொடி வாங்காத துட்டு. எடுங்க. யாரு தடுக்கா?"

நான் எடுக்கவில்லை. பூசைக்கு வாங்கிய ஒரு ரூபாயை அந்தப் பானையில் போட்டேன். மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். திங்கட்கிழமை கடன் அடைந்தது, பத்திரம் வந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றும் மதினி ஒரு வேளைதான் சமைத்தாளாம்.

பழையகாயலில் ஆற்றைக் கடக்க ஓடக்காரன் ஓரணா கேட்டான். இல்லை என்றேன்.

"துட்டு இல்லாம திருவிழாவுக்கு எதுக்குல போன?"

"போகல. எனக்கு அந்த ஊருதான்."

"அந்த ஊருக்காரனா? அப்ப நல்லாத் தின்னுருப்ப. தள்ளு" என்று என் கையில் கம்பைக் கொடுத்துவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான்.

புன்னைக்காயலில் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது பகல் திரும்பிவிட்டது. அவளை உள்ளே விட்டிருக்கவில்லை. குழந்தையை மட்டும் மாமியார் உள்ளே எடுத்துக்கொண்டாள். பால் கொடுக்கும் நேரத்தில் வெளியே கொண்டுவந்து நீட்டுவாள், குடித்ததும் வாங்கிக்கொண்டு போவாள். தங்கச்சி வீட்டுக்குப் பின்னால் வலை போடும் ஓலைக் கொட்டகையில் இருந்தாள்.

மச்சான் கரையில் நாலைந்து பேரோடு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"வாரும் மச்சான், வாரும். வேம்பார்ல சாவாம்ல? நல்ல மனுசன். ரெண்டு தடவ செத்திருக்காரு, இந்தத் தடவ மட்டும் நமக்குச் சொல்லி விடலியே."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, "ரூவா?" என்றான்.

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு வந்தீரு? மாமா சாவுக்குத் துட்டியா கேக்க?"

"வேலை செஞ்சு கழிச்சிக்கிடுதேன். அவள உள்ள விடும்."

"என்ன வேல தெரியும்?"

"மூட்ட தூக்குவேன்."

"கடலுக்குள்ள எங்கவே மூட்ட இருக்கு?" மறுபடி சிரிப்பு. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். "வள்ளத்துல தண்ணி அள்ளுத பய ஓடிப்போயிட்டான். அந்த வேல கெடக்கு. சின்னப் பயலுக்குக் குடுக்கிற கூலிதான். நாலணா. அது எங்கிட்டதான் நிக்கும், உம்ம கைக்கு வராது."

நூறு ரூபாய்க்கு நானூறு நாள். அந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்பு போதும். சரி என்றேன்.

"அவள இன்னைக்கே உள்ள விடும்."

"மொதல்ல ஒரு நா வேல பாரும். வள்ளம் கரை திரும்பட்டும். பெறவு பாப்போம்."

கொட்டகைக்குப் போனேன். தங்கச்சி தலையை நிமிர்த்தவில்லை. அவள் முன்னால் தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"கடன் அடஞ்சிருச்சாண்ணே?"

"திங்கக்கிழம அடஞ்சிரும்."

"நல்லா இருங்க" என்றாள். சிரட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ தெரு முக்குல வந்து நின்னதப் பாத்தேன். ரெண்டு தடவ" என்றாள்.

"பல்வலின்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்ததில் காய்ந்திருந்த உதடு மறுபடி பிளந்து ரத்தம் வந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் வள்ளத்தைத் தள்ளினார்கள். மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தங்கச்சி கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, நான் ஏறுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறினேன். தூத்துக்குடியில் பிறந்தவன்தான், ஆனாலும் அலையில் போன பழக்கம் இல்லை. காற்றுக் காலம். ஆற்று வாயைத் தாண்டியதும் வாந்தி வந்தது. பலகை இடுக்குகளில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டிக் கையில் கொடுத்திருந்தார்கள். அதன் விளிம்பு கையை அறுத்தது. வாந்தியையும் தண்ணீரையும் சேர்த்து அள்ளி ஊற்றினேன்.

"நிப்பாட்டாதீரும் மச்சான்" என்று தங்கச்சி புருஷன் பின்னாலிருந்து கத்தினான். "நீரு நின்னா வள்ளம் முங்கிரும். முங்கினா இந்த நா கணக்குல வராது."

குனிந்து அள்ளினேன்.