எங்கள் ஊர்ப் போட்டி அகில உலகப் போட்டியான கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்தில் ஒரு வரி வரப்பின் மேல் ஏறும், அடுத்த வரி வாய்க்காலுக்குள் இறங்கும். பிழையும் இருக்கும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும். மேடையில் நின்று பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் நம் மன்றத்துப் பிள்ளைகள் விழாவில் பேசச் சொன்னபோது, மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நன்னிலத்துக்குப் பக்கத்தில் பஸ்கூட ஒழுங்காக நிற்காத ஊர் இது. இங்கே வருஷாவருஷம் பொங்கலுக்கு நடக்கிற பூப்பந்துப் போட்டிக்கு 'அகில உலக' என்ற பெயர் எப்படி வந்தது? அந்தப் பெயர் வந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நடந்தது எங்கள் வீட்டில்.

அதற்கு முன்பு நம் போட்டி வெறும் 'மாபெரும்' போட்டியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் பெங்களூரில் வேலை பார்க்கிற இரண்டு பேரை அணியில் சேர்த்துக்கொண்டு, 'அகில இந்திய' என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நம் மன்றத்துக்குச் செயலாளர் என் சித்தப்பா. டீக்கடைச் சுவரில் அந்த நோட்டீசைப் பார்த்தவர், டீயைப் பாதியில் வைத்துவிட்டு அப்படியே அச்சாபீசுக்குப் போனார். சாயங்காலம் அவர் சைக்கிள் கேரியரில் ரோஸ் நிறத் தாளில் 'அகில உலகப் பூப்பந்துப் போட்டி' வந்து இறங்கியது. உலகம்தான் இன்னும் வரவில்லை.

அப்பா அதைப் படித்துவிட்டு, "ஏண்டா, ஒலகத்துலேருந்து யாருடா வர்றா?" என்று கேட்டார்.

"வந்தாச்சுண்ணே. அதோ, நம்ம கெணத்தடியில மூஞ்சி கழுவிக்கிட்டு நிக்கிது" என்றார் சித்தப்பா.

கிணற்றடியில் நின்றவர் என் தாய்மாமா. முந்தின வாரம்தான் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இதே ஊர்தான். அம்மா வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாததால் மாமா எங்கள் வீட்டில் தங்கினார். அவருக்கு அங்கே கப்பல் பட்டறையில் துரு சுரண்டுகிற வேலை. போவதற்கு முன்பு ஊர் அணியில் பின்வரிசையில் நின்று இடது கையால் ஆடியவர். நம் திடலுக்கு மண் அடித்த ஆட்களில் அவரும் ஒருவர்.

நம் பூப்பந்து கம்பளி நூல் பந்தால் ஆடுவது, பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். சித்தப்பா சைக்கிளில் சுற்றினார். கூத்தாநல்லூரில், மலேசியாவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய் லீவில் வந்திருந்தார். துபாய்க்காரர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது ஆள் எங்கள் தெருவிலேயே இருந்தான். அவனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசா வரவில்லை. "பாதி வெளிநாட்டுக்காரன்தானே" என்று அவனையும் சேர்த்துக்கொண்டார். ஐந்து பேருக்கும் சேர்த்துச் சிங்கப்பூர் அணி என்று பெயர் வைத்தார்.

எனக்குக் கேள்வி மேல் கேள்வி வந்தது.

"மாமா, சிங்கப்பூர்ல பந்து என்ன கலரு?"

"அங்க யாருடா பூப்பந்து ஆடறா? றெக்க வச்ச பந்துதான். அதையும் நான் கடைக் கண்ணாடி வழியாப் பாத்ததோட சரி."

"அப்ப நீங்க எப்புடி சிங்கப்பூரு டீமு?"

"ஒங்க சித்தப்பாவப் போயிக் கேளு."

சித்தப்பாவுக்குக் கொடி தைக்கிற கவலை. சிவப்பும் வெள்ளையும் என்று மாமாவுக்குத் தெரியும். பிறை உண்டு, நட்சத்திரம் உண்டு என்றும் தெரியும். சிவப்பு மேலேயா கீழேயா, நட்சத்திரம் எத்தனை என்று கேட்டால் யோசித்தார். "வேலைக்குப் போற லாரியிலேருந்து பாக்குறதுதான் மச்சான், எண்ணவா முடியும்?" என்றார். டெய்லர் கையிலிருந்த துணிக்கு ஏற்றபடி நட்சத்திரம் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் மாமாவும் உதவிக்கு உட்கார்ந்திருந்தோம். மாமா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அக்கா, நான் இனிமே போகல."

"லீவு முடியிறப்ப எல்லாரும் பாடுற பாட்டுதான்."

"லீவுன்னு யாரு சொன்னா? முடிச்சிக்கிட்டு வந்துட்டேன். முதலாளி மட்டும், வரதா இருந்தா மாசக் கடைசிக்குள்ள சொல்லுன்னாரு. வடக்குவெளியில பத்து மா நெலம் குத்தகைக்குக் கேட்டு வச்சிருக்கேன். நடவு, அறுப்புன்னு இங்கயே கெடந்துடறேனே."

அம்மாவின் கை நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இளைச்சிருக்கியேன்னு அன்னிக்கே நெனச்சேன். இருந்துக்க. போட்டி முடியட்டும், ஒங்க அத்தான்கிட்ட நானே பக்குவமாச் சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்றாள்.

எனக்கு வேறு கவலை. "நீங்க போகலேன்னா அடுத்த வருஷம் யாரு மாமா சிங்கப்பூரு?"

மாமா சிரித்துவிட்டார். ஒரு மொச்சையை எடுத்து என் மேல் விட்டெறிந்தார். அம்மா சிரிக்கவில்லை. "இவன் வாய்க்கு மொதல்ல ஒரு பூட்டு வாங்கணும். டேய், வெளியில மூச்சு விட்ட, அப்பறம் இருக்கு ஒனக்கு" என்றாள். நான் மூச்சு விடவில்லை.

போட்டியன்று காலையில் திடலுக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நம் களிமண்ணை அப்படி அமுக்காவிட்டால் மத்தியான வெயிலில் பாளம்பாளமாக வெடித்துவிடும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் உருளைக் கம்பியைப் பிடித்தார். மன்றத்துப் பையன்கள் ஓடிவந்து அவர் கையை எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, நீங்க வெளிநாட்டு டீமு. செயலாளர் பாத்தா எங்கள உரிச்சிடுவாரு. போயி நாற்காலியில உக்காருங்கண்ணே."

நாற்காலிகள் வேறு தனியாகப் போட்டிருந்தார்கள், வெள்ளை விரிப்போடு. மாமாவுக்கு வீட்டில் தினமும் மண்பானைத் தண்ணீர்தான். அன்று அவருக்கு ஸ்ட்ரா போட்டுக் கலர் சோடா கொடுத்தார்கள். மத்தியானம் விருந்தாளிகளுக்கென்று வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். "போதும்டா, ஆடணும்டா" என்று பாய் கெஞ்சியும் யாரும் விடவில்லை. விருந்தாளியை அரை வயிற்றோடு ஆடவிட்டால் ஊருக்கு என்ன பேர்? ஆட்டம் தொடங்கியபோது துபாய்க்காரர்களில் ஒருவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து, "என்னடி இது, எந்தம்பிய மாப்பிள்ளை பொம்மையாட்டம் வச்சிருக்கானுவோ" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டம் ஊர் அணிக்கும் சிங்கப்பூர் அணிக்கும் என்று சித்தப்பா முன்பே ஏற்பாடு செய்திருந்தார். நடுவர் விசில் ஊதினார். மாமா நேராகப் போய் வேப்பமரத்துப் பக்கம் நின்றார். ஊர் அணி எப்போதும் நிற்கிற பக்கம் அது. மட்டையை இடது கையில் சுழற்றிக்கொண்டு, தன் பழைய மூலையில் காலை அகட்டி நின்றுவிட்டார். அங்கே ஏற்கெனவே ஊர் அணியில் ஐந்து பேர் இருந்தார்கள்.

"சார், நீங்க எதிர்ப்பக்கம்" என்றார் நடுவர். அவர் பக்கத்து ஊர் டிரில் மாஸ்டர். அதற்கு முன்பு ஒருநாளும் மாமாவை அவர் சார் என்று கூப்பிட்டதில்லை.

திடலே சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே வலைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார்.

ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. மற்ற நான்கு பேரும் பாயசத்தைச் சுமந்துகொண்டு நிற்க, மாமா ஒருவரே மூலைக்கு மூலை ஓடி எடுத்தார். அவர் ஒரு பந்தை விட்டால் ஊரே விசில் அடித்தது. "சிங்கப்பூரு, குனிஞ்சு எடு சிங்கப்பூரு!" என்று கத்தினார்கள். அவர் பெயர் தெரியாதவர் ஒருவரும் அங்கே இல்லை. நான் மட்டும் எந்தப் பக்கம் கத்துவதென்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் கத்தினேன். ஊர் அணி ஜெயித்தது.

பரிசு கொடுக்க ரைஸ் மில் முதலாளி வந்திருந்தார். மைக்கைப் பிடித்தவர் உணர்ச்சி வசப்பட்டுவிட்டார். வெளிநாட்டு அணி வருஷாவருஷம் வருவதாக இருந்தால் கேடயம் தன்னுடையது, திடலுக்கு லைட் போடுவதும் தன்னுடைய பொறுப்பு என்றார். பக்கத்து ஊர்க்காரர்கள் இருக்கிற இடம் தெரியாமல் நின்றார்கள். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா திரும்பிப் போகப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. மைக்கைப் பிடுங்கி மாமாவின் கையில் கொடுத்தார்.

"சொல்லு மச்சான். ஊரே கேக்குது, சொல்லு."

மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா முதல் வரிசையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெண்கள் பக்கம் அம்மாவைத் தேடினார். அம்மா வேண்டாமென்று லேசாகத் தலையை அசைத்தாள். நான் பார்த்தேன்.

"சிங்கப்பூர் அணி அடுத்த வருஷமும் கண்டிப்பா வரும்" என்றார் மாமா.

வெடி வெடித்தார்கள். அம்மா எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி சோறு போடும்போது அவள் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

வடக்குவெளிப் பத்து மாவை வேறு ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். போட்டிக்கு லைட் வந்தது, பெயர் நிலைத்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் எத்தனையோ ஊர்களிலிருந்து லீவு போட்டு வருகிறார்கள், அணிகள் பெருகிவிட்டன. ஆனாலும் நோட்டீசில் முதலில் போடுவது சிங்கப்பூர் அணியைத்தான். மாமா இப்போது ஆடுவதில்லை. வெள்ளை விரித்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்.

அன்று பரிசளிப்பு முடிந்ததும் நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் சட்டையெல்லாம் வேர்வை.

"மாமா, நெஜமா வருவீங்களா?"

"வரேண்டா."

தெருவில் கண்ட பையன்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன், என் மாமா அடுத்த வருஷமும் வருகிறார் என்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரவேண்டுமென்றால் அவர் முதலில் போயாக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

எழுதி முடித்தது: தை மூன்றாம் தேதி, காணும் பொங்கல்.