செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒரு பரங்கிக்காய்

ஒரு முகத்தில் இரண்டு பாதிகள் உண்டு என்பது அந்த அக்டோபருக்கு முன்னால் எனக்குத் தெரியாது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது என் மனைவியின் வலது வாயோரமாகத் தண்ணீர் தானாக ஒழுகியது. என்ன இது என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். இடது பக்கம் சிரித்தது. வலது பக்கம், கூப்பிட்டது காதில் விழாத ஆளைப் போல, சும்மா இருந்தது.

முகவாதம் என்றார் டாக்டர். நரம்பு வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் ஆகலாம். மாத்திரை கொடுத்தார். வலது கண்ணின் இமை மூடாததால் அதற்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட ஒரு டேப். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தச் சில பேர்ல நான் இருந்தா?"

நான் ஏசியைக் கூட்டி வைத்தேன். இந்த ஊரில் காரில் உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

எனக்கு இந்த வளைகுடா ஊரின் ஒர்க்‌ஷாப் பேட்டையான முசஃபாவில் ஒரு கராஜில் வேலை. நசுங்கிய பானெட், பிளந்த பம்பர், உள்ளே போன கதவு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து எஸ்டிமேட் எழுதுவேன். என்றைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரரிடம் நிமிர்ந்து நின்று சொல்வேன், பெரும்பாலும் அன்றைக்கே கொடுத்தும் விடுவோம். வீட்டில் அப்படி ஒரு தேதி சொல்ல என்னால் முடியவில்லை. ராத்திரி டேப் ஒட்டும்போது விரல் நுனியில் அந்தக் கன்னம் சூடாகத்தான் இருந்தது. உயிர் இருக்கிறது, ஆள் இல்லை. கன்னத்துக்குள் குனிந்து யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றும்.

அவள் பேச்சுக்காரி. லிஃப்டில் ஏறினால், எங்கள் மாடி வருவதற்குள் கூட நிற்பவரின் ஊர், பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் தெரிந்துகொண்டுதான் இறங்குவாள். அப்படிப்பட்டவள் கதவைத் திறப்பதை நிறுத்தினாள். சாமான் கொண்டு வருபவர்கள் வெளியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். கோயம்புத்தூரில் படிக்கிற மகனிடம் கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லிக் குரலில் மட்டும் பேசினாள். ஒரு கார்கோ கம்பெனியில் அவளுக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கி, மீட்டிங்கில் தன் பெயரை மட்டும் கறுப்புக் கட்டத்தில் உட்கார வைத்தாள். அந்த அனுமதி முடிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"வேலைய விட்டுர்றேன். முகம் வந்தப்புறம் வேற பாத்துக்கலாம்" என்றாள், ஏதோ முகம் கடைக்குப் போயிருக்கிற மாதிரி. எனக்குப் பயம் அந்த வேலை போவதைப் பற்றி இல்லை. இந்த ஊரில் வீட்டுக்குள் இருந்துவிட்டால் இருந்துவிடலாம். எல்லாம் வீட்டுக்கு வரும். தண்ணீர் வரும், மீன் வரும், மருந்து வரும். வெளியே வா என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு மனுஷி உள்ளே உட்கார்ந்தே போய்விடலாம். அந்தப் பயம்.

மதுரையிலிருந்து அவளுடைய அக்கா என்னைத் தனியாக அழைத்தார். "தம்பி, இது கண்ணுதான். புது பிளாட்டு, ரெண்டு பேருக்கும் வேல, பையன் காலேஜு. யாரு கண்ணு பட்டுச்சோ. ஒரு பூசணிக்காய்ல மூஞ்சி வரஞ்சு வாசல்ல கட்டிருங்க."

நான் திருஷ்டியை நம்புகிறவன் இல்லை. ஆனால் செய்ய ஒன்றும் இல்லாத கைக்கு ஒரு வேலை கிடைத்தால் அது நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பதில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் டியூட்டி. முடிந்ததும் நேராக சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். சாம்பல் பூசணி முழுதாக இல்லை, துண்டு போட்டு பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்கள். துண்டில் எங்கே மூஞ்சி வரைவது. வாசலருகே வைக்கோல் பரப்பி, பஞ்சால் சிலந்தி வலை கட்டி, ஆரஞ்சு நிறத்தில் பரங்கிக்காய்களை மலையாகக் குவித்திருந்தார்கள். ஹாலோவீன் என்று எழுதியும் வைத்திருந்தது. பார்க்காமல் இல்லை. ஆனால் அது வில்லாக்களில் இருக்கும் வெள்ளைக்காரர்களின் சமாச்சாரம் என்றுதான் இத்தனை வருடங்களாக என் எண்ணம். நாங்கள் முன்பு இருந்த பழைய பில்டிங்கில் ஒருவரும் கதவைத் தட்டியதில்லை. இந்தப் புதுக் கட்டடத்துக்குக் கோடையில்தான் வந்திருந்தோம். உருண்டையான ஒரு காயை எடுத்துக்கொண்டேன். காயா முக்கியம், மூஞ்சிதானே.

கராஜிலிருந்து டச்சப் பெயின்ட் கொண்டு வந்திருந்தேன். கீறல் விழுந்த வண்டியில் தொட்டு வைக்கிற சின்னப் புட்டிகள். கறுப்பில் முறுக்கிய மீசை, வெள்ளையில் முட்டைக் கண்களும் கோரைப் பற்களும், ஒரு பிக்கப்புக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பில் தொங்கும் நாக்கு. வாசலில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாட்ச்மேன் முதல் நாளே சொல்லியிருந்ததால், கதவுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டின் மேல் வைப்பது என்று முடிவு செய்தேன். உள்ளே கொண்டு போய்க் காட்டியபோது அவள் அதை வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"வைங்க. யாரும் வராம இருந்தாச் சரி" என்றாள்.

மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு முடிந்து, ஜன்னலுக்கு வெளியே வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கதவு தட்டப்பட்டது. அவள் எழுந்து படுக்கையறைக்குள் போய்விட்டாள். கதவு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒரு எலும்புக்கூடு நின்றது. அதன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு சூனியக்காரி. பின்னால் பற்களில் ரத்தம் ஒழுக, கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவன். எல்லோரும் என் இடுப்பு உயரம், கையில் ஆளுக்கொரு பை.

திறந்தேன். ட்ரிக் ஆர் ட்ரீட், மிட்டாய் கொடு, இல்லையென்றால் குறும்பு, என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஃபோனில் பில்டிங்கின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். மோட்டார் ரிப்பேர், இன்று தண்ணீர் வராது, என் பார்க்கிங்கில் யார் வண்டி என்கிற செய்திகளே வருகின்றன என்று அதை மியூட்டில் போட்டு வைத்திருந்தேன். கீழ் மாடியில் இருக்கிற ஒரு ஃபிலிப்பினோ அம்மா பிள்ளைகளுக்குப் போட்ட ஏற்பாடு அதில் தெளிவாக இருந்தது. விருப்பம் உள்ளவர்கள் வாசலில் ஒரு பரங்கிக்காய் வையுங்கள். பரங்கிக்காய் இல்லாத வீட்டைப் பிள்ளைகள் தட்ட மாட்டார்கள்.

ஆக, ஒரு கண்ணும் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று நான் வைத்த காய், கட்டடத்தில் இருக்கிற அத்தனை பிள்ளைகளையும் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் மீசையோடு. எங்கள் மாடியில் அதற்கு நிகரான பரங்கிக்காய் வேறு இல்லை என்று எலும்புக்கூடு என்னைப் பாராட்டியது.

இனி அதை எடுத்து உள்ளே வைத்தாலும் பயனில்லை. படியில் அடுத்த கூட்டத்தின் சத்தம் கேட்டது. சமையலறைக்கு ஓடினேன். கையில் கிடைத்தது கடலை மிட்டாய் டப்பா. ஒவ்வொரு பையிலும் ஒன்று போட்டேன். ரத்தப் பல்காரன் தன்னுடையதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதற்குள் என்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டான். வேர்க்கடலை, வெல்லம் என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன்.

படுக்கையறைக் கதவு திறந்தது.

"கடலையா குடுக்குறீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு? எந்தப் புள்ளைக்கு அலர்ஜியோ, என்னவோ."

துப்பட்டாவால் பாதி முகத்தை இழுத்துப் பிடித்தபடி வந்துவிட்டாள். பைகளுக்குள் கையை விட்டுக் கடலை மிட்டாய்களைப் பொறுக்கி எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. துப்பட்டா நழுவியது. அவள் கவனிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து, லீவுக்கு வந்திருந்த மகன் வைத்துவிட்டுப் போன சாக்லேட்டுகளைக் கொண்டு வந்தாள். கூடவே பேரீச்சம்பழப் பெட்டி. ஒவ்வொருத்தராக வாங்க என்று வரிசையில் நிறுத்தினாள். வரிசை என்றால் அவளுக்கு உயிர்.

சூனியக்காரி நிமிர்ந்து பார்த்தது. ஆன்ட்டி, சூப்பர் மேக்கப் என்றது.

என் மனைவியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு, அவள் முகத்தில் எந்தப் பாதியிலிருந்து அது வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தேங்க் யூ என்றாள். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரிப்பு வருமா, வேறு ஏதும் வருமா என்று இருவருக்குமே நிச்சயமில்லை.

அடுத்த கூட்டத்தின் கடைசியில் ஒரு சின்னப் பெண். வண்ணத்துப்பூச்சிச் சிறகு, அதில் ஒன்று கசங்கியிருந்தது. லிஃப்ட் பக்கம் அவள் அம்மா நின்றிருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு நகர, இவள் மட்டும் நகரவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்து என் மனைவியின் முகத்தையே பார்த்தாள்.

"அன்ரி, ஏன் உங்கட முகம் ஒரு பக்கம் மட்டும் சிரிக்குது?"

"பிள்ளை, அப்பிடியெல்லாம் கேக்கக் கூடாது" என்றார் அம்மா, பதறிப்போய்.

என் மனைவி கீழே உட்கார்ந்தாள், முகத்துக்கு நேராக முகம் வருகிற மாதிரி.

"அந்தப் பக்கம் தூங்குதும்மா. எழுப்பிக்கிட்டே இருக்கேன், எந்திரிக்க மாட்டேங்குது."

"எப்ப எழும்பும்?"

"தெரியலயே."

அந்தப் பெண் யோசித்தாள். பிறகு வாயைத் திறந்து முன்பக்கத்தில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். "என்ர பல்லும் இன்னும் வரேல்ல. ஆனா உள்ளுக்குள்ள இருக்குதாம்."

"யாரு சொன்னா?"

"பல்லு டொக்டர். நாக்கால தொட்டுப் பாத்தா முட்டுது." சொல்லிவிட்டு, அவளுக்கும் சந்தேகம் வந்ததோ என்னவோ, இன்னொரு தடவை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முட்டியிருக்க வேண்டும். தலையாட்டினாள்.

ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று வாரமும் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், கராஜிலும் சிக்னலிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் மூடிக் கிடக்கும் கடைகளின் முன்னாலும். எல்லாம் சரியாகிவிடும் என்கிற ஒரே வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டேன், அது ஒரு தடவையும் அவளிடம் போய்ச் சேரவில்லை. அந்தப் பெண் எதுவும் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

சாக்லேட் தீர்ந்துவிட்டது. பேரீச்சம்பழத்தை யாரும் மதிக்கவில்லை. படியில் இன்னும் சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்புறீங்க?"

"கீழ கிராசரிக்கு."

"நீங்க போனா மறுபடி எதையாச்சும் கடலையோடதான் வாங்கிட்டு வருவீங்க. இங்க நில்லுங்க." பர்ஸை எடுத்தாள். மேசையில் கிடந்த மாஸ்க்கைப் பார்த்தாள். எடுக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அல்லது உள்ளே இருக்கும் கண்ணாடிக்குப் பயந்து, படியில் இறங்கினாள். அவள் காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போவதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். நடுவில் எங்கோ அது நின்றது. திரும்பிவிடுவாளோ என்று நினைத்தேன். யாரிடமோ பேசுகிறாள். பிறகு மறுபடி இறங்கியது.

நான் வாசலில் இரண்டு பேய்களையும் ஒரு போலீஸ்காரரையும் உட்கார வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. கை நிறையப் பைகளோடு வந்தாள். துப்பட்டா கழுத்தைச் சுற்றி இருந்தது. பேய்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் என்னிடம் பேசினாள்.

"கடைக்காரர் கேட்டாரு, என்ன சேச்சி முகம்னு."

"என்ன சொன்னே?"

"முகவாதம்னு சொன்னேன். அவர் மச்சானுக்கும் வந்துச்சாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம்."

"அய்யய்யோ."

"கல்யாணம் நடந்துச்சாம். எல்லா போட்டோவுலயும் பொண்ணையே பாத்துக்கிட்டு நிக்கிறாராம், ஒரு பக்கமா. இன்னிக்கி வரைக்கும் அந்தப் பொண்ணு அத ஆசைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காம்."

அவள் சிரித்தாள். வலது பக்கம் அசைந்ததா என்று என் கண் தன்னால் போய்ப் பார்த்தது. அசையவில்லை. ஆனால் குரல் முழுதாகச் சிரித்தது.

பைகளை மடித்து வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "திங்கக்கெழம காலைல என்னை ஆபீஸ்ல எறக்கி விட்டுட்டுப் போங்க. பஸ்ஸுக்கு நிக்க முடியாது, கண்ணுல தூசி விழும்" என்றாள்.

திங்கட்கிழமை, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலத்துக்கு முன்னால் சிக்னலில் வழக்கமான நெரிசல். டாக்டர் சொல்லிக் கொடுத்த முகப் பயிற்சியை இதுவரை குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டுதான் செய்துவந்தாள். அன்று நேரமாகிவிட்டதால் காரிலேயே ஆரம்பித்தாள். கன்னத்தை உப்பினாள். உதட்டைக் குவித்தாள். காற்று ஓரமாகக் கசிந்தது. மறுபடி உப்பினாள்.

பக்கத்து வரிசையில் ஒரு தொழிலாளர் கேம்ப் பஸ் நின்றது. சைட்டுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் தூக்கத்தில். ஜன்னலில் சாய்ந்திருந்த ஒருவர் கண் விழித்து, உப்பிய கன்னத்தோடு இருந்த என் மனைவியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் இரண்டு கன்னங்களையும் பலூன் மாதிரி உப்பிக் காட்டினார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்றாள் அவள், மூச்சை விடாமல்.