மோப்பம் போன டிரைவர்

ஐயாவுவின் சொந்த ஊர் வலங்கைமான் பக்கம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. மனைவி ராசம்மாள் கொரோனாவில் போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மல்லிப்பட்டினம் வந்து ஒரு விசைப்படகில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் டிரைவராகச் சேர்ந்தார். கடலோடு பிறந்தவர்களுக்கு நடுவே அவர் வயக்காட்டு ஆள். கரை சேர்ந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அவர் படகிலேயே பாயை விரிப்பார்.

ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ராசம்மாளைக் கொண்டுபோன அதே காய்ச்சல் அவருடைய மோப்பத்தையும் கொண்டுபோயிருந்தது. அது திரும்பவே இல்லை. மீன் குழம்பும் வெந்நீரும் ஒன்றுதான். மோப்பமில்லாதவனை எஞ்சின் ரூமில் யார் வைத்துக்கொள்வார்கள்?

அன்று மத்தியானம் டேங்கில் டீசல் ஊற்ற வேண்டியிருந்தது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பேட்டரி மோட்டாரையே டீசலுக்கும் போடுவது அவர் வழக்கம். மேலே கிடந்த கேன்களை எஞ்சின் ரூமுக்குள் இறக்கினார். ஒரு கேனின் மூடியைத் திறந்து குழாயை விட்டார். மோட்டார் ஒயரின் கிளிப்பை பேட்டரியில் மாட்டப் போனார்.

"அண்ணே! கைய எடுங்க!"

அதே படகில் வேலை பார்க்கும் அப்சர் மேலே வலை பிரித்துக்கொண்டிருந்தான்; தலையை உள்ளே நீட்டிக் கத்தினான். "பெட்ரோல் நாத்தம் குப்புன்னு அடிக்குது, ஒங்களுக்குத் தெரியல?"

பக்கத்து ஃபைபர் படகுக்காரர்கள் தங்கள் பெட்ரோல் கேனை இந்தக் கேன்களோடு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருவரும் ஒரு சுவிட்சையும் தொடாமல் அதை மூடி மேலே தூக்கிவந்தார்கள். உள்ளே காற்றோடட்டும் என்று பலகைகளைத் திறந்து போட்டார்கள்.

"கிளிப்புல ஒரு பொறி பறந்திருந்தா போதும்ணே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ஐயாவு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மோப்பம் கெடையாது அப்சர். ராசம்மா சேல ஒண்ணு பையில இருக்கு. எடுத்து மூஞ்சியில வச்சாலும் வெறும் துணியாத்தான் இருக்கு."

அப்சர் கேனின் மூடியை இன்னொரு முறை இறுக்கினான். பிறகு, "மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே" என்றான்.

மறுநாள் சொன்னார். முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆறுதலாகவும் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்து செய்ங்க" என்றதோடு சரி.

டீசல் ஊற்ற வேறொரு பம்பு வாங்க ஐயாவு பட்டுக்கோட்டை போனார். கடைக்காரர் இன்னொரு பேட்டரி மோட்டாரை எடுத்துக் காட்டினார். "இது தண்ணிக்குத்தாங்க. எனக்கு டீசலுக்கு வேணும், கையால சுத்துற பம்பு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். பழைய மோட்டார் அடித்தண்ணீருக்கு மட்டும் என்றாகிவிட்டது. கேனை இப்போதெல்லாம் மேல்தட்டில் வைத்துத்தான் திறக்கிறார்கள். அப்சர் குனிந்து முகர்ந்து பார்த்து, "டீசல்தாண்ணே" என்பான். சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான்.

ஐயாவு தனியே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவார். மோட்டாரைவிட இதற்கு நேரம் அதிகம்தான். அவருக்குப் போக வேண்டிய இடம் எதுவுமில்லை.