நிலவறையில் பாடியவர்

இவர், என் கணவர், வேலை செய்த பிளாஸ்டிக் பைத் தொழிற்சாலையில் ஓர் ஆங்கிலேயர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியம் இவர் சோற்றுப் பெட்டியை மைக்ரோவேவில் வைத்துவிட்டு, அதன் முன்னால் நின்று எதையோ முணுமுணுத்திருக்கிறார். பாட்டின் வரிகளை அல்ல. நடுவில் பாட்டு நின்று கிட்டார் மட்டும் தனியே வருமே, அந்த இடத்தை. ஆங்கிலேயர் கடித்த சாண்ட்விச்சோடு எழுந்து வந்து, "இது உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாராம். களவெடுத்த சாமானோடு பிடிபட்டவன் மாதிரி நின்றேன் என்று இவர் வீட்டுக்கு வந்து சொன்னார்.

அது இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் வருடங்கள். நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். நான் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

இவருக்கு அந்தக் கிட்டார் துண்டு தெரிந்ததற்குக் காரணம் கொழும்பு. கப்பல் கம்பனியொன்றில் கிளார்க் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து போன இளந்தாரி வயதில், வானொலியின் ஆங்கிலச் சேவையே கதி என்று கிடந்திருக்கிறார். இங்கிலாந்தின் பீட் குழுக்கள் கிளம்பிய காலம் அது. மூன்று கிட்டார், ஒரு டிரம், ஒரே மாதிரிக் கோட்டுப் போட்ட நாலு பெடியள். இவரும் கூட்டாளிகளும் கேட்டதைக் காதால் பிடித்து, கிறிஸ்மஸ் டான்ஸுகளில் வாசித்தார்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது கிட்டாரும் எரிந்தது. அதற்குப் பிறகு இவர் ஒரு கிட்டாரைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஆங்கிலேயர் அதையெல்லாம் வானொலியில் கேட்டவர் இல்லை. லிவர்பூலில் பிறந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு குழுவில் பாடியவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பாட்டுக்காரர் என்றுதான் பெயர். மனைவி பிரிந்து போயிருந்தார். மகள் அல்பேர்ட்டாவில். பக்கத்து வில்லரேயில் தனியாக இருந்தார். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வரும்போது படிக்கட்டில் காத்திருப்பார். கோழிக்கறியை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு லிவர்பூலில் தான் பாடிய கிளப்புகளைப் பற்றிச் சொல்வார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

"பெரிய இடமோ?" என்று கேட்டேன்.

"மேல சாமான் அடுக்கிற இடம், கீழ நிலவறை. காத்து வர வழி இல்லை. சனத்தின்ர வியர்வை ஆவியாப் போய்க் கூரையில பட்டு, திருப்பி எங்கட தலையில சொட்டும். சுண்ணாம்பும் சேர்ந்து விழும். கறுத்தக் கோட்டெல்லாம் வெள்ளைப் புள்ளி."

மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பாடுவார்களாம். கந்தோர்களில் டைப் அடிக்கும் பெட்டைகள் தலைமயிர் சுருட்டிகளை ஸ்கார்ஃபால் மூடிக்கொண்டு வந்து, சூப்பைக் குடித்தபடியே ஆடிவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். பிறகு உலகப் புகழ் பெற்ற குழுக்களும் இவர்களுக்கு முன்னும் பின்னும் அதே மேடையில் ஏறியிருக்கின்றன. இவர்களும் லண்டனுக்குப் போய் ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள். அதை யாரும் வாங்கவில்லை.

"அங்க பாடின எல்லாரும் பெரியாக்களா வந்தவை எண்டு சனம் நினைக்குது," என்றார். "வந்தது கொஞ்சப் பேர். மிச்சாக்கள் என்னை மாதிரி லொறி ஓட்டப் போனவை."

அவர்தான் இவரைத் திரும்பக் கிட்டார் வாங்க வைத்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு கியூபெக்காரர் டிரம் அடிக்க வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பேஸ் கிட்டார். எங்கள் பங்குச் சுவாமி கோவிலின் கீழ்மண்டபத்தைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கொடுத்தார். இவருக்கு ஐம்பத்தேழு வயதில், தலைக்கு மை பூசிக்கொண்டு இது தேவைதானா என்றுதான் எனக்கு இருந்தது. கடையில் கண்டவர்களும் விடவில்லை.

"அக்கா, அண்ணை வெள்ளையளோட கோஷ்டி வைச்சிருக்கிறாராம்?"

"ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஆனாலும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சுவரோரம் பனிச் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. வயதான சோடிகள் காலுறையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மைக்கை வாயோடு ஒட்டி வைத்துப் பாடினார். குரல் கரகரத்தது. ஆனால் ஓர் இடத்திலும் தவறவில்லை. அந்த மனிதரை ஃபோர்க்லிஃப்டில் இருத்தி வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பட்டது.

அந்தக் கரகரப்பு அடுத்த மாரிக் குளிரில் கூடியது. தடிமன், சளிதான் என்றார். பிறகு துப்பியதில் இரத்தம் வந்தது. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகரெட்டாலோ என்று கேட்டேன். "நான் பத்தினது கொஞ்சம். அந்த நிலவறையில மற்றவை விட்ட புகைதான் கூட," என்றார். நாளுக்கு ஒரு பெட்டி முடிக்கிற மனிதர்.

ஒப்பரேஷனுக்கு முதல்நாள் தொலைபேசியில் அழைத்தார். இவர் வேலையில் இருந்தார். நாளைக்குப் பனி கொட்டுமாமோ என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அவருடைய குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

பிறகு கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி. பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயசைத்தால், சவரம் செய்யும் மெஷின் கதைப்பதுபோல ஒரு சத்தம் வரும். வெளியாட்களுக்கு முன்னால் அவர் அதை எடுக்கவே மாட்டார்.

வசந்தம் வந்ததும், அவரைக் கௌரவித்து ஒரு சனிக்கிழமை நடத்துவோம் என்று தபால்காரர் சொன்னார். யார் பாடுவது? இவரைத்தான் பிடித்தார்கள். இவர் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பாடிப் பழகினார். யாழ்ப்பாணத்து நாக்குக்கு அந்த ஆங்கிலம் சரிவராது என்றுதான் நான் நினைத்தேன். கேட்கக் கேட்க, வந்துவிட்டது.

அன்று பாட்டுக்காரர் கறுத்தக் கோட்டுப் போட்டு, முன் வரிசையில் வந்து இருந்தார். அவருடைய குழு இசைத்தட்டாகப் போட்ட பாட்டை இவர் தொடங்கினார். நான் பாட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவருடைய உதடுகளும் கூடவே அசைந்தன. சனம் எழும்பி ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உதடுகள் நின்றுவிட்டன. தொப்பியை எடுத்தார். ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

இவர் அதைக் கண்டார். சனம் ஆடிக்கொண்டிருந்ததால் நிறுத்த முடியாமல் கடைசிவரை பாடினார்.

காரில் வரும்போது கேட்டார். "நான் பிழையாப் பாடிப்போட்டனோ?"

"இல்லை."

"அப்ப ஏன் எழும்பிப் போனவர்?"

பச்சை விழுந்திட்டுது, காரை எடுங்கோ என்றேன்.

அதன்பிறகு இவர் இரண்டு மூன்று தடவை வில்லரேக்குப் போனார். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டதாம், கதவு திறக்கவில்லை. கடைசியில் பூசணிக்காய்ச் சூப்பைத் தண்ணியாகக் காய்ச்சி எடுத்துக்கொண்டு நான் தனியே போனேன். எனக்குத் திறந்தார். நன்றாக மெலிந்திருந்தார். குசினியில், சாப்பாட்டு மேசையடியில் என்னை இருத்திவிட்டு, கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"உங்கட மனுசன் நல்லாப் பாடினவன்."

"அப்ப ஏன் வெளிக்கிட்டுப் போனீங்கள்?"

"பிழையாப் பாடியிருந்தால் இருந்திருப்பன்." கருவியை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். "எல்லாரும் ஆடிக்கொண்டு நிண்டவை. நான் பாடேல்லை எண்டது ஒருத்தருக்கும் குறையாத் தெரியேல்லை."

அவர் கிண்ணத்தோடு சன்னல் பக்கம் திரும்பி நின்று சூப்பைக் குடித்தார். விழுங்குவதை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். புறப்படும்போது, "அவனிட்டச் சொல்லாதேங்கோ," என்றார்.

நான் சொன்னேன். இவர் படும் வேதனையைப் பார்த்துக்கொண்டு அதை என்னால் மூடி வைத்திருக்க முடியவில்லை.

"நான் அதை யோசிக்கேல்லை," என்றார்.

அடுத்த கிழமை குழுவின் மற்ற இருவரிடமும் இனிப் பாட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தபால்காரர் கோபித்துக்கொண்டார். ஒரு நோயாளிக்காக எல்லாரும் வாயைப் பொத்துவதோ என்று கேட்டாராம். அதன்பின் ஞாயிறுகளில் இவர் வில்லரேக்குப் போனார். இந்தமுறை கதவு திறந்தது. இருவரும் ஹாக்கி பார்த்தார்கள்.

"என்ன கதைச்சனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதைக்க என்ன இருக்கு? மொன்றியல் தோத்துப்போச்சு."

பாட்டைப் பற்றி அவர்களுக்குள் ஒரு சொல்லும் இல்லை.

நோய் நுரையீரலுக்கு இறங்கியது. கடும்குளிர் மாதத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அல்பேர்ட்டாவிலிருந்து வந்த மகள் மரியாதையான பெண். அப்பா பாடி நான் கேட்டதே இல்லை, அவருடைய பாட்டொன்றை நீங்கள் பாடுவீர்களா என்று இவரிடம் கேட்டாள். இவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. ஏன் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது வருத்தம். பிறகு எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இறுதிச் சடங்கு மண்டபக்காரர்கள் வழமையாகப் போடும் ஓர்கன் இசையைப் போட்டார்கள். வந்திருந்த பதினைந்து பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

நிலம் உறைந்திருந்தது. சவப்பெட்டியை மயானத்துக் கட்டடத்தில் வைத்துவிட்டு மே மாதம்தான் புதைத்தார்கள். மகளால் திரும்ப வர முடியவில்லை. நாங்கள் இருவரும் போனோம். மயானத் தொழிலாளி சின்ன மண் வெட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிக் காத்திருந்தார். பாட்டுக்காரர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்த செபத்தைத் தமிழில் சொன்னேன். முடிந்ததா என்று தொழிலாளி பிரெஞ்சில் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

குழி மூடி முடியும்வரை இவர் அசையவில்லை. சப்பாத்தெல்லாம் சேறு. அன்று இவருக்குப் பின்னேர ஷிஃப்ட் இருந்தது. அங்கிருந்து நேரே தொழிற்சாலைக்குப் போனார். நான் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.