மோட்டார் மாரிச்சாமி மகள் நாடகம் எடுத்தாள்

பர்மாவில், பசுந்தாங்கில் எங்கள் தெருவின் ஆறு மாடிக் கட்டடத்தில் கரண்ட் வந்தால் முதலில் விளக்கு எரியாது. முதலில் மாரிச்சாமி ஓடுவார், அதற்குப் பிறகுதான் விளக்கு. தெருவே சேர்ந்து “மீ லா பி!” என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மனிதர் ஆறாவது மாடியிலிருந்து இறங்கித் தண்ணீர் மோட்டாரைப் போட்டிருப்பார். மறுபடி எப்போது போகும் என்று கரண்ட்டுக்கே தெரியாத ஊர் இது. தாலி கட்டும்போதுகூட இரண்டாவது முடிச்சோடு விட்டுவிட்டு மோட்டார் போட ஓடியவர் என்று அவர் மனைவி பவானி இன்றைக்கும் சொல்வாள்.

அவர்களுக்கு ஒரே மகள் சொர்ணம்மாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பர்மியப் பெயர், மா ஷ்வே. வயது பதினைந்து. யாரை ஒரு தரம் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவாள். அவள் கரைவதைக் கேட்டுத்தான் பசுந்தாங் காக்கைகள் கரையவே பழகின.

அவள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு முன் விருப்பப் பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்கியல் இருந்தது. இந்த வருடம் புதிதாக நாடகமும் இருந்தது. இரண்டில் ஒன்றுதான். திங்கட்கிழமை வீட்டுப் பெரியவர் யாராவது நேரில் வந்து சொல்ல வேண்டும்.

“நாடகமா?” லான்மடாவில் மோட்டார்க் கடை வைத்திருக்கும் மாரிச்சாமிக்குச் சோறு புரையேறியது. “அதுல பரீச்ச எப்படி வைப்பாங்க? அழுதா அம்பது மார்க்கு, சிரிச்சா நூறா?”

“எழுதவும் செய்யணும்ப்பா, நடிக்கவும் செய்யணும்.”

“நடிக்கிறதுக்குப் படிக்கணுமாக்கும்! ஒங்கம்மா தெனம் தலைவலின்னு நடிக்கிறாளே, அவ எந்தக் காலேஜில படிச்சா?”

“ஒங்களக் கட்டுன நாள்லேருந்து அது நடிப்பு இல்ல, நெசம்,” என்று அடுப்படியிலிருந்து பவானி சொன்னாள்.

மாரிச்சாமி கண்ணைச் சிமிட்டினார். “சரி, ஒரு பந்தயம். ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு நம்ம கட்டடத்துக்குக் கீழ ஜுல்ஃபிகர் டீக்கடை வாசல்ல நடி. கரண்டு வந்தும் நான் எந்திரிக்காம இருந்தா நாடகம் எடுத்துக்க. எந்திரிச்சேன்னா கணக்கியல்.”

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குத்தான் எங்கள் தெருவுக்குக் கரண்ட் முறை. கள்ள மனிதர்! சொர்ணம்மாளுக்கும் அது தெரியும். “சரிப்பா” என்று சொல்லிவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. குட்டி ஸ்டூல்களில் கட்டடமே வந்து உட்கார்ந்துவிட்டது. மாரிச்சாமி மோட்டார் அறைக்குப் பக்கத்து ஸ்டூலாகப் பார்த்து, லோஞ்சிக் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“கோ மாரி அண்ணே, பாக்க வந்தீங்களா, ஓட வந்தீங்களா?” என்றார் ஜுல்ஃபிகர்.

சொர்ணம்மாள் அப்பாவின் பழைய லோஞ்சியைச் சுற்றிக்கொண்டு, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு வந்தாள். காட்சி, அப்பாவின் லான்மடாவ் கடை. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிவந்து புது மோட்டார் கேட்கும் ஆளும் அவளே, மாரிச்சாமியும் அவளே. மோட்டாரை முகர்ந்து பார்த்து, நாடி பிடித்து, “என்னங்க, செத்து மூணு நாளாச்சே!” என்று பெருமூச்சு விட்டாள். தெருவே சிரித்து உருண்டது.

“நான் ஒண்ணும் அப்படி மோந்து பாக்க மாட்டேன்,” என்று முணுமுணுத்தார் மாரிச்சாமி.

“பாப்பீங்க!” என்று ஆறு மாடியும் சேர்ந்து சொன்னது.

அப்போது டீக்கடைக் குழல்விளக்கு சிமிட்டியது. “மீ லா பி!”

மாரிச்சாமியின் பின்பக்கம் ஸ்டூலை விட்டு ஒரு சாண் எழும்பியது. சொர்ணம்மாள் பார்த்துவிட்டாள். கணக்கியல் புத்தகம் யானை கனத்தில் தலைமேல் இறங்குவது போல இருந்தது. அடுத்துப் பேச வேண்டியது என்னவென்றே மறந்துபோனது.

மறந்தால் என்ன? கையிலிருந்த மோட்டாரைப் போட்டுவிட்டு, “மீ லா பி!” என்று அவளும் அலறினாள். நின்ற இடத்திலேயே ஓடினாள். ஒரு கையில் லோஞ்சி. ஒரு செருப்பு பறந்து போய் ஜுல்ஃபிகரின் பால் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. “வழி! வழி!” என்று இல்லாத ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஆறு மாடி இறங்கினாள். கதவுக்கு வந்து மடியைத் தடவினாள். சாவி இல்லை! மறுபடி ஆறு மாடி ஏறினாள்.

எழும்பிய பின்பக்கம் தானாக இறங்கியது. மாரிச்சாமி தொடையில் அடித்துக்கொண்டு, “சாவிய மறந்துட்டான் பாருய்யா, மடப்பய!” என்று கண்ணீர் வரச் சிரித்தார். அது யார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

சாவியோடு இறங்கி வந்து அவள் சுவிட்சில் கை வைத்த நேரம், கரண்ட் போய்விட்டது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. யாரும் திட்டவில்லை, கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குக் கட்டடத்தில் ஒருவரும் குளிக்கவில்லை. வாடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டே ஊர் வரைக்கும் போனதாகக் கேள்வி.

“ஒரு சாண் எந்திரிச்சாரே, அது கணக்கா?” என்று யாரோ வம்பிழுத்தார்கள்.

“நாடகம்தான்யா எடுப்பா எம்மவ!” என்று மாரிச்சாமி எழுந்து நின்று கத்தினார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சயாமா, அதாவது டீச்சர், எந்தப் பாடம் என்று கேட்கும் முன்பே அவர் பர்மிய மொழியில் பொரிந்து தள்ளினார்: “நாடகம், சயாமா! ஆனா ஒண்ணு, இவ ஓடுறது பத்தாது. நான் இதவிட வேகமா ஓடுவேன்.” சொன்னதோடு விடாமல், லோஞ்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடியும் காட்டினார். வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சயாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சொர்ணம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கவனித்துப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள், “கை இன்னும் கொஞ்சம் மேல இருக்கணும். திரும்ப ஓடுங்க.”

மாரிச்சாமி திரும்ப ஓடினார்.