களியை மென்ற மாப்பிள்ளை

எங்கள் வீட்டு டி.வி.யில் ஒரு விளம்பரம் வருகிறது. ஒரு யானை ஸ்கூட்டரில் ஏறப் பார்க்கும். ஸ்கூட்டர் பயந்துபோய்த் தானாகவே ஓடும். யானை விடாமல் துரத்தும். அது வந்தால் அடுப்பில் கொதிப்பதை அப்படியே விட்டுவிட்டு நானும் ஓடி வந்து நிற்பேன். இரண்டு யானையையும் ஒரே நேரத்தில் பார்க்கிற பாக்கியம் தனக்கு மட்டும்தான் என்பார் வீட்டுக்காரர். இத்தனை நாள் பார்க்கிறோமே, அது எந்தச் சரக்குக்கு விளம்பரம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். ஸ்கூட்டர்தான் என்றார் அவர். டயர் என்றாள் மகள். ஓசூரில் ஒரு ஃபேக்டரியின் விற்பனைப் பிரிவில் இருக்கும் மகன், சிமெண்ட் என்று அடித்துச் சொன்னான். அடுத்த முறை வந்தபோது எல்லோரும் கண்ணை நட்டுப் பார்த்தோம். பிஸ்கட்.

"அதனால இன்னாம்மா? ஜனங்கள சிரிக்க வெச்சிட்டா பாதி சேல்ஸ் முடிஞ்ச மாதிரி. இதெல்லாம் உனக்குத் தெரியாது" என்றான் மகன்.

எனக்குத் தெரியாதாம். இவன் பிறப்பதற்கு முன்பே விளம்பரத் தொழிலில் இறங்கியவள் நான். ஒன்பது வயதில், ஓசூர்ப் பக்கத்துப் பேரிகை ஊர்ச் சந்தையில், கரியால் மீசை வரைந்துகொண்டு.

என்னை அந்தத் தொழிலில் இறக்கியவர் சித்தப்பா, அப்பாவுடைய தம்பி. மெட்ராஸில் இருந்த ஒரு பல்பொடிக் கம்பெனி அவருக்கு ஒற்றை மாட்டு வண்டி ஒன்றும், வாயில் வைத்துக் கத்துவதற்குத் தகரக் குழாய் ஒன்றும், சாக்கு நிறைய ரோஸ் கலர் பொடி டப்பாக்களும் கொடுத்திருந்தது. வண்டியின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒரு வாயை வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்து மாடே மிரளும். சந்தை சந்தையாகப் போய்ப் பொடியின் பெருமையைச் சொல்லி விற்க வேண்டும், அதுதான் வேலை. மற்ற எல்லோரும் ஏர் ஓட்டுகிற எங்கள் வீட்டுக்குள் சம்பளம் என்ற சொல்லே சித்தப்பாவோடுதான் வந்தது.

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் தளியிலிருந்து ஒரு குடும்பம் அவருக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தது. நிலம் கொஞ்சம்தான், ஆனால் மாப்பிள்ளை கம்பெனியில் இருக்கிறான் என்று அவர்கள் ஊரெல்லாம் பேச்சு. பெரியவர்கள் போய்ப் பார்த்து, பெரியவர்கள் வந்து பார்த்து, தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அது அவர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பொடியோடு கம்பெனி ஒரு தாளும் கொடுத்திருந்தது. அதில் உள்ளதை அப்படியே கத்த வேண்டும். 'பற்களின் தூய்மையே உடலின் மேன்மை' என்று தொடங்கும். பாதித் தெலுங்கும் பாதிக் கன்னடமும் பேசுகிற சந்தையில் அதைக் கேட்டு நின்றவர் எவருமில்லை. ஒரு கழுதை நின்றது, அதற்கும் வேறு வேலை வந்தது. பிறகு சித்தப்பா தாளை மடித்துப் பொடிச் சாக்கின் அடியில் போட்டுவிட்டு, தானே ஒரு நாடகம் கட்டினார்.

நாடகம் புரிய வேண்டுமென்றால் களியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். உருண்டையில் கொஞ்சம் கிள்ளி, கட்டைவிரலால் குழி செய்து, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் களியை மெல்வது என்றால் தண்ணீரைக் கடித்துக் குடிப்பது போல. மென்றால் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டு வாயே திறக்காது. வெளியூரிலிருந்து வந்த ஆள் என்று கண்டுபிடிக்க வேறு எதுவும் கேட்க வேண்டாம், ஒரு உருண்டை களி வைத்தால் போதும்.

சித்தப்பாவின் நாடகத்தில் பட்டணத்து மாப்பிள்ளை ஒருவன் முதல்முறையாக மாமியார் வீட்டுக்கு வந்து களியை மெல்லுவான். வாய் ஒட்டிக்கொள்ளும். மாமியார் விரலை விட்டுப் பார்ப்பாள், கரண்டியை விட்டு நெம்புவாள், கடைசியில் களி கிளறும் துடுப்பை எடுத்துக்கொண்டு துரத்துவாள். அப்புறம் பொடி வரும், வாய் திறக்கும், பல் பளபளக்கும். மாமியார் சித்தப்பா. அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, "தினு அல்லுடா, தினு!" என்று தெலுங்கில் மாப்பிள்ளையைத் தின்னச் சொல்லிக் கொஞ்சுவார். திடீரென்று முக்காட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணாடி மாட்டினால் வைத்தியர், கன்னடம். மாப்பிள்ளை வேஷத்துக்கு ஊரில் ஒரு பையனும் வரவில்லை. பொம்பிள்ளை கையால் துடுப்படி வாங்க மாட்டார்களாம், ஆண்சிங்கங்கள். நான் வந்தேன்.

அம்மா குதித்தாள். "பொட்டப்புள்ளைக்கு மீச வெச்சி சந்தையில நிறுத்திகினு இருக்கறியே, நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"மீச இருக்குதில்ல அண்ணி, அவளே போய் ஒருத்தியக் கட்டிக்கினு வருவா, வுடு" என்றார் சித்தப்பா.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தளியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவந்த வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்க்காமலே நின்று பார்ப்பார்கள். நான் மென்று, விழி பிதுங்கி, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துத் தொங்கும்போது மனிதர்கள் தரையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். இன்றைக்கும் என்னைச் சாப்பிடும்போது பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. அன்று அதற்குப் பயிற்சி எடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பொடிதான் விற்கவில்லை. எங்கள் கூட்டத்தை நம்பிக் கடலை வறுப்பவர் வண்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பை மாற்றிக்கொண்டார். வளையல்காரர் வந்தார். அவர்களுக்கெல்லாம் விற்றது. நாங்கள் கொண்டுபோன சாக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தோம். ஒருநாள் நாடகம் முடிந்ததும் சித்தப்பா பொறுக்கமாட்டாமல், விழுந்து விழுந்து சிரித்த அவரைக்காய்க்கார அம்மாளையே கேட்டுவிட்டார்.

"இவ்ளோ சிரிச்சியே, ஒரு டப்பா வாங்குனா இன்னா?"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கெதுக்குப்பா? இது களிய மெல்றவனுக்குத்தான? நாங்கல்லாம் முழுங்கறவங்க."

சித்தப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாடகம் எவ்வளவுக்கு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்குப் பொடி வேண்டாம் என்று ஜனங்களுக்குப் புரிந்திருக்கிறது. வேறு யாராவது இருந்தால் நாடகத்தை மாற்றியிருப்பார்கள். அவர் வீட்டுக்கு வரும் வழியில், துடுப்பால் அடிக்கும் இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாமா என்று என்னைக் கேட்டார்.

கார்த்திகை மாதத்தில் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பேன்ட், தொப்பி, கையில் தோல் பை. பேரிகைச் சந்தையில் வண்டி முன்னால் நின்று, பொடிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அது கனமாக இருந்தது. அதுதான் தப்பு.

"இன்று நாடகம் கூடாது. தாளில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். சரக்கு போகவில்லை என்றால் வண்டி என்னோடு வந்துவிடும். நீர் உம் ஏரைப் பார்க்கலாம்" என்றார்.

அது தெரியாமல் அன்றைக்குத்தான் தளிக்காரர்களும் சந்தைக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கம்பெனி உத்தியோகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம் பெண்ணின் அப்பாவுக்கு. எங்கள் அப்பா அவரை அழைத்துவந்து முன்வரிசையில் நிறுத்தினார். சித்தப்பாவின் முகம் அவர் விற்கிற பொடியின் நிறத்துக்கு வந்துவிட்டது. வேலை போனால் கல்யாணம் போகும். அது எனக்கே தெரியும். வீட்டில் அம்மா அதைத்தான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா தாளைத் தேடி எடுத்தார். தகரக் குழாயை வாயில் வைத்தார். "பற்களின் தூய்மையே..."

"மாமியா எங்கடா?" என்றது கூட்டம்.

"உடலின் மேன்மை. அன்பார்ந்த பொதுஜனங்களே..."

"ஏ, மாப்ளயக் கூப்புடு! மீசக்காரன் எங்க?"

அவர் படித்துக்கொண்டே போனார். ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். வண்டிக்குப் பின்னால் மீசையோடும் களிச்சட்டியோடும் உட்கார்ந்திருந்த எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சித்தப்பாவின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. என்னைக் கூப்பிடுகிறார்கள், நான் போகக் கூடாதா? அவ்வளவுதான். சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, உருண்டையில் பாதியை வாயில் திணித்து, மெல்ல ஆரம்பித்தேன்.

போன கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

"நிறுத்து! நாடகம் வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா?" இன்ஸ்பெக்டர் கத்தினார். எனக்கு வாய் திறக்கவில்லை. நடிப்பில்லை, நிஜமாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

சித்தப்பா தாளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். முன்வரிசையில் மேல்துண்டோடு நிற்கிற மாமனாரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சார், இந்தத் தாள நீங்களே படிங்க. எனக்கு அது வரல. எனக்கு இதுதான் வருது" என்று சொல்லித் தாளை அவர் கையில் கொடுத்தார். வண்டிக்குள் கையை விட்டுச் சேலையை உருவி, எல்லோரும் பார்க்க, மாமனார் பார்க்க, வேட்டிக்கு மேலேயே கொசுவம் வைத்துக் கட்டினார்.

அன்று அவர் ஆடினதைப் போல ஒருநாளும் ஆடியதில்லை. துடுப்போடு என்னைத் துரத்தினார். நான் இன்ஸ்பெக்டரைச் சுற்றி ஓடினேன். தெலுங்கில் வைது, கன்னடத்தில் சமாதானம் சொல்லி, தமிழில் அழுதார். கூட்டம் மூச்சு முட்டிப்போனது. நடுவில் மாட்டிக்கொண்ட இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "இதில் என்ன சிரிப்பு? சாப்பாட்டை மென்றுதானே சாப்பிட வேண்டும்?" என்று கேட்டார்.

அதைக் கேட்டு எழுந்த சிரிப்பில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நாடகத்தில்தான் அப்படி ஒரு ஆள் உண்டு என்று நினைத்திருந்தார்கள். உயிரோடு பேன்ட் போட்டுக்கொண்டு எதிரில் நின்றார்.

மாட்டைப் பிடித்துவந்து பூட்டியதும் வண்டி இன்ஸ்பெக்டரோடு போயிற்று. தளிப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாங்க கம்பெனிக்காரனுக்குத்தான் பொண்ணு குடுக்கறதா பேசுனோம். சீல கட்றவனுக்கு இல்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். சித்தப்பா சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். அவர் தோளைப் பின்னாலிருந்து பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. தேற்றலாம் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சித்தப்பா, ஒரு டப்பா வித்துதே."

அவர் நின்றார். "எவன் வாங்குனான்?"

நாடகம் முடிந்து இன்ஸ்பெக்டர் கத்திக்கொண்டிருந்தபோது வண்டிப் பக்கம் ஒரு அக்கா வந்தாள். கூட ஒரு வயதான அம்மாள், வா வா என்று அவள் கையை இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கா வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, வூட்லயும் உங்க மாமியா இப்டித்தானா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லக்கா, வூட்ல இன்னும் மோசம்" என்றேன் உள்ளதைச் சொல்லி.

அவள் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, காசை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

அவள்தான் அந்தத் தளிப் பெண் என்று எனக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. தன் அப்பாவோடு வளையல் வாங்க வந்தவள். அன்று வீட்டுக்குப் போய், கட்டினால் அந்த மாமியாரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாளாம். பெரியவர் துண்டை உதறி உதறிப் பார்த்தாராம், பட்டினி போட்டுப் பார்த்தாராம், அவள் அசையவில்லை. பேசின தை மாதத்திலேயே, வேலையில்லாத சித்தப்பாவுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. இதெல்லாம் பின்னால் சித்தி வாயாலேயே கேட்டது.

ஆனால் அன்று வழியில் நான் சித்தப்பாவிடம் சொன்னது வேறு. நான் மென்றதைப் பார்த்து மயங்கித்தான் அந்த அக்கா வாங்கினாள், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சாக்கையே காலி செய்திருப்பேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் வீடு வந்து சேரும்வரை தீரவே இல்லை. முந்தானையை எடுத்தபோது பார்த்தேன். அந்த அக்காவின் பல் முழுக்க நல்ல வெள்ளை. அந்தப் பல்லுக்கு எதற்குப் பொடி?