ஆயுத பூஜையில் துடைத்த மோட்டார்

1. மார்க்கிங் எங்கே?

“மோட்டார்ல மார்க்கிங் எங்கங்க?” என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார். குனிந்து பார்த்தேன். தயாரித்த கம்பெனியின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. பளபளவென்று இருந்த மோட்டாரில் சந்தனமும் குங்குமமும்தான் இருந்தன.

காட்டூர் தாண்டி, எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பேட்டரி, மோட்டார் பற்றியெல்லாம் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். மானியத்தை நம்பிப் பிழைப்பதில் எவ்வளவு பயம் இருக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

அரசு மானியம் கிடைத்தால் எங்கள் வண்டி டீசல் ஆட்டோ விலைக்கு இறங்கும். கிடைக்காவிட்டால் ஷோரூம் வாசலை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள், கம்பெனியை மூட வேண்டியதுதான். மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மோட்டார் போன்ற முக்கிய பாகங்கள் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும். வண்டியைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் மோட்டார் கோயம்புத்தூரில் செய்தது, அதனால் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்த மறுநாள் ஆய்வு. பூஜைக்கு ஃபிட்டர் முருகேசன், ஆய்வுக்காக மூடி கழற்றி வைத்திருந்த நான்கு வண்டிகளையும் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். மையில் அச்சடித்த மார்க்கிங், அழுக்கோடு அழுக்காகப் போய்விட்டது. எங்கள் கையில் இருந்ததே அந்த நான்கு வண்டிகள்தான்.

“வெளிநாட்டுப் பேரு இருந்துச்சு, அழிச்சிட்டீங்கன்னு நான் ஏன் நினைக்கக் கூடாது?” என்றார் அதிகாரி.

“சார், வாங்கின பில் இருக்கு...”

“பில்லு யாரு வேணா அடிக்கலாம்மா. பார்ட்ல இருக்கணும். இப்பப் புதுசா வரவழைச்சு மாட்டினாலும் செல்லாது. சாயங்காலம் ரிப்போர்ட் எழுதிடுவேன்.”

“சாமிக்குன்னுதான் மேடம் நல்லாத் தேச்சேன்” என்றார் முருகேசன், அழாத குறையாக. எங்கள் முதலாளி ஸ்ரீரங்கத்துக்காரர். “ரங்கா, உன் திருவடியை விட்டா எனக்குப் போக்கிடம் ஏது!” என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பெருமாள் இருந்தார். வொர்க்‌ஷாப்பில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  

2. தொட்டியத்து வண்டி

யோசித்துக்கொண்டே இருந்தபோது சந்திரசேகர் ஞாபகம் வந்தது. தொட்டியத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்பவர். மானியம் வரட்டும் என்று காத்திராமல், முழு விலை கொடுத்து எங்கள் முதல் வண்டியை எடுத்துப் போனவர். அதிலும் இதே மோட்டார்தான் என்று அதிகாரியிடம் சொன்னேன். “மோட்டார் மூடியில கம்பெனி சீல் உடையாம இருந்தா கொண்டுவரச் சொல்லுங்க, பார்க்கிறேன்” என்றார் அதிகாரி.

போன் செய்தேன். “தார் ஏத்தியாச்சேம்மா... சரி, இறக்கிட்டு வரேன்” என்றார் சந்திரசேகர்.

அவர் வந்து சேர்வதற்குள் நான் பட்ட பாடு! பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? ரோட்டோர மெக்கானிக் யாராவது சீலைப் பிரித்திருந்தால்? ஐயோ, அவரும் ஆயுத பூஜை போட்டிருப்பாரே! மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

பயந்தபடியே, வண்டி மாலையும் வாழைக்கன்றுமாக வந்து நின்றது.

“உள்ள துடைச்சீங்களா?” என்று கேட்டேன்.

“வெளிய மட்டும் வாட்டர் சர்வீஸ் விட்டேம்மா. உள்ள தொட்டா வாரண்டி போயிடும்னு நீங்கதான மிரட்டுனீங்க?”

அதிகாரியே சீலை உடைத்தார். மோட்டார் மேல் ஒரே புழுதி. கட்டைவிரலால் தள்ளினார். பெயர், எண், கோயம்புத்தூர் எல்லாம் இருந்தன. அதைப் பக்கத்தில் வைத்து எங்கள் நான்கு மோட்டார்களையும் பிரித்து ஒப்பிட்டுவிட்டு, “சரி, எழுதிடறேன்” என்றார். முருகேசன் சந்திரசேகரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அப்ப இனிமே வாங்குறவங்களுக்கு விலை குறையுமாம்மா?” என்று சந்திரசேகர் கேட்டார்.

“ஆமாங்க.”

“எனக்கு?”

முன்னாலேயே வாங்கியவர்களுக்கு மானியம் கிடையாது.  முதலாளி தரையைப் பார்த்தார். சந்திரசேகர் புரிந்துகொண்டார். “சரி விடுங்க. சார்ஜ் போட்டுக் குடுங்க, அங்க தாரு பழுத்துடும்” என்றார்.

அதன் பிறகு வண்டிகள் நன்றாகவே விற்றன. ஆனால் மானியத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பினாலே போதும், புக்கிங்கை ரத்து செய்யச் சொல்லி போன் மேல் போன் வரும். எனக்குத் தூக்கம் போய்விடும். மானியத்தை நீட்டிப்பார்களா என்றுதான் இன்றைய பிள்ளைகளும் கேட்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் உங்கள் வண்டியை வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை.